வெள்ளை நூல் கட்டிய டம்ளர்

"எல்லாம் உள்ள போகுது, எல்லாம் வெளிய வருதுன்னா, நடுவுல அந்தச் சவ்வு எதுக்கு டீச்சர்? கதவு தொறந்தே கிடக்கிற வீட்டுக்குச் சுவர் எதுக்கு?"

யோலா என்ற பத்து வயதுப் பெண் ஒருநாள் இப்படிக் கேட்டாள். கரும்பலகையில் செல்லின் படம் வரைந்துகொண்டிருந்த கசில்டாவின் கையில் சாக்பீஸ் அப்படியே நின்றுவிட்டது. பாடப்புத்தகத்தில் உள்ள விடை அவளுக்குத் தெரியும். அதைச் சொன்னால் யோலாவுக்குப் புரியாது என்பதும் தெரியும்.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த நெல்வா எழுந்து வந்தாள்.

"வியாழக்கிழமை சந்தையில அம்மாமாருங்க எப்படி உக்காருவாங்க, பாத்திருக்கியா? காத்து அடிக்கும்போது?"

"முதுகோட முதுகு ஒட்டிக்கிட்டு. ரெண்டு வரிசையா."

"ஆங். முகம் ரெண்டு பேருக்கும் வெளிப்பக்கம். முதுகு உள்பக்கம். சவ்வும் அப்படித்தான். கொழுப்புத் துணுக்குங்க ரெண்டு வரிசையா உக்காந்திருக்கு. அதுங்க தலைக்குத் தண்ணி பிடிக்கும், அதனால வெளிய பாத்துக்கிட்டு இருக்கும். வாலுக்குத் தண்ணியே ஆகாது. அதனால வாலும் வாலும் உள்ள ஒட்டிக்கும். சரி, அந்த வரிசைக்கு நடுவுல பூந்து போகணும்னா உன்னை விடுவாங்களா?"

"என்னை விடுவாங்க. எங்க வீட்டு ஆட்டை விட மாட்டாங்க. அடிப்பாங்க."

வகுப்பே சிரித்தது. "அதான்டா கண்ணு சவ்வு" என்றாள் நெல்வா. "தண்ணி சின்னது, எப்படியோ நுழைஞ்சிடும். உப்பு, சர்க்கரை எல்லாம் ஆடு மாதிரி. அங்கங்க புரதம்னு வாசல்காரங்க இருப்பாங்க. அவங்க பாத்து விட்டாத்தான் உண்டு. சுவர் இல்லடி அது. யாரு வரலாம், யாரு வரக்கூடாதுன்னு தெரிஞ்ச சுவர்."

கசில்டாவும் நெல்வாவும் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கடைசி ஆண்டு உயிரியல் மாணவிகள். கடைசி மூன்று மாதம் ஏதாவது ஒரு பள்ளியில் இருவர் இருவராகப் பாடம் நடத்த வேண்டும். இவர்கள் இருவரும் மலைமேல் இருக்கும் எங்கள் ஊர்ப் பள்ளிக்கு வந்தார்கள். நெல்வா எங்கள் ஊர்க்காரிதான். ஏரிக்கரையில் கடைசி வீடு, தியோதோசியாவின் மகள். கசில்டா கீழே யுங்காஸ் பள்ளத்தாக்கிலிருந்து வந்தவள். ஆரஞ்சும் காப்பியும் விளைகிற சூட்டு நிலம் அது. அவள் நெல்வாவின் வீட்டிலேயே தங்கினாள். தியோதோசியா அம்மாள் முதல் நாளே தன் கனமான போர்வையை எடுத்து அவளுக்குக் கொடுத்துவிட்டு, "எங்களுக்குக் குளிர் சொந்தக்காரன். உனக்கு இன்னும் அறிமுகம் ஆகல" என்றாள்.

முடிவில் ஒரு தேர்வுப் பாடம் உண்டு. கல்லூரியிலிருந்து மூன்று பேர் கொண்ட குழு வந்து பின்னால் உட்காரும். ஜோடியில் ஒருத்தி பாடம் நடத்த வேண்டும், மற்றவள் பரிசோதனை செய்து காட்ட வேண்டும். மதிப்பெண் தனித்தனி. கசில்டா பாடத்தை எடுத்துக்கொண்டாள், நெல்வா பரிசோதனையை.

நெல்வாவுக்கு இது வெறும் மதிப்பெண் அல்ல. அவள் அப்பா இறந்த வருடம் அம்மாவோடு ஒரு பேச்சுப் பேசி வைத்திருந்தாள்: படிப்பு இந்த ஆண்டோடு முடிந்தால் எங்கு வேலை கிடைத்தாலும் போகலாம்; முடியாவிட்டால் திரும்பி வந்து நிலத்தைப் பார்க்க வேண்டும். தியோதோசியாவின் முழங்கால் அவ்வளவுதான் தாங்கும். இதைக் கசில்டாவும் அறிவாள். ஒரே அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கேட்ட பேச்சுத்தான்.

பரிசோதனை எளிது. உருளைக்கிழங்கை விரல் நீளத் துண்டுகளாக வெட்டி, சில துண்டுகளைச் சாதாரணத் தண்ணீரிலும் சிலவற்றை உப்புத் தண்ணீரிலும் போட வேண்டும். அரை மணி கழித்து எடுத்தால் சாதாரணத் தண்ணீரில் கிடந்தவை நீர் குடித்து விறைப்பாக நிற்கும். உப்புத் தண்ணீரில் கிடந்தவை நீரை இழந்து துவண்டு தொங்கும். கண்ணுக்குத் தெரியாத சவ்வு ஒன்று உள்ளே இருந்து வேலை செய்கிறது என்பதைக் குழந்தைகள் கையால் தொட்டு உணரலாம். கசில்டா இதற்காகவே சந்தையில் நல்ல கிழங்காகப் பொறுக்கி ஒரு சிறு மூட்டை வாங்கி, வீட்டு முற்றத்தில் சுவரோரமாக வைத்தாள்.

ஜூன் மாதம், எங்கள் பக்கம் கடுங்குளிர் காலம். எங்கள் ஊரில் அந்த மாதத்தில் வானம் தெளிந்து பனி இறங்கினால் எல்லோருக்கும் ஒரே வேலைதான். கிழங்கை வெட்டவெளியில் பரப்பி உறையவிடுவோம். மூன்று நான்கு இரவு உறைந்து உறைந்து இளகிய பிறகு காலால் மிதித்து, நீரைப் பிழிந்து, உலர்த்தி எடுத்தால் அதுதான் சுன்யோ. வருடக்கணக்கில் கெடாது. யுங்காஸில் பனி இல்லை, அதனால் சுன்யோ போட முடியாது. எங்கள் ஊரில் தங்கிப் போகிற பள்ளத்தாக்குக்காரர்கள் எல்லோரும் ஒரு மூட்டை சுன்யோ எடுத்துக்கொண்டுதான் ஊர் திரும்புவார்கள்.

தேர்வு அன்று நெல்வா பெஞ்சுகளை ஒழுங்குபடுத்த முன்னாலேயே போய்விட்டாள். கசில்டா முற்றத்திலிருந்த மூட்டையைத் தூக்கினாள். கிழங்குகள் உள்ளே கூழாங்கல் போலச் சத்தம் போட்டன. இந்த ஊரில் எல்லாமே குளிரில் கல்லாகிவிடுகிறது என்று நினைத்துக்கொண்டாள். பள்ளிக்குப் போனதும், நெல்வா குழந்தைகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்ததால், டம்ளர்களை அவளே எடுத்து வைத்தாள். தண்ணீர் ஊற்றினாள். ஒன்றில் உப்பைப் போட்டுக் கலக்கி, அதற்குச் சிவப்பு நூல் கட்டினாள். மற்றதற்கு வெள்ளை நூல். பரிசோதனை நெல்வாவுடையதுதான், ஆனால் டம்ளர்களைத் தொட்ட கை கசில்டாவுடையது.

குழு வந்தது. தலைவர் செவெரினோ லிமாச்சி, தாவரவியல் பேராசிரியர், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கதவோரமாகச் சில தாய்மார்கள் நின்றார்கள்; தியோதோசியாவும் அவர்களில் ஒருத்தி.

கசில்டா பாடத்தைத் தொடங்கினாள். சந்தையில் முதுகோடு முதுகு ஒட்டி உட்காரும் பெண்களைப் பற்றிச் சொன்னாள். லிமாச்சி மெல்லத் தலையாட்டி ரசித்தார். அது நெல்வாவின் உவமை என்று சொல்ல ஒரு வாய்ப்பு இருந்தது. சொல்லவில்லை.

நெல்வா கிழங்கை எடுத்துக் கத்தியை வைத்தாள். நிமிர்ந்து பார்த்தாள். மெதுவாக, "கசில்டா, இந்தக் கிழங்கு..." என்றாள்.

"பேசாம வெட்டு."

"இல்லடி, இதைப் பாரேன், உள்ள—"

"அவங்க பாக்கறாங்க. வெட்டு."

நெல்வா வெட்டினாள். அரை மணி நேரம் கசில்டா நன்றாகவே பேசினாள். பிறகு துண்டுகளை வெளியே எடுத்தார்கள். சிவப்பு நூல் டம்ளரில் இருந்தவை துவண்டு தொங்கின. வெள்ளை நூல் டம்ளரில் இருந்தவையும் அப்படியே தொங்கின. தண்ணீர் கலங்கியிருந்தது.

"டீச்சர், ரெண்டும் செத்துப்போச்சு!" என்றாள் யோலா. வகுப்பு சிரித்தது. கதவோரத் தாய்மார்களும் சிரித்தார்கள்.

லிமாச்சி சிரிக்கவில்லை. "ரெண்டுலயும் உப்பு விழுந்திருக்கும்போல. தண்ணி கலக்கினது யாரும்மா?"

சாதாரணக் கேள்விதான். அவர் குரலில் குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை. கசில்டாவுக்குக் காது சுட்டது. மூன்று பேரும் அவளையே பார்த்தார்கள். நாக்கு அவளைக் கேட்காமலே பேசிவிட்டது.

"நெல்வாதான் ஐயா. பரிசோதனை அவளோடது. அவசரத்துல ரெண்டுலயும் போட்டுட்டா போல."

நெல்வா அவளைப் பார்த்தாள். பிறகு கதவோரம் நின்ற அம்மாவைப் பார்த்தாள். கையிலிருந்த கிழங்குத் துண்டை மேசைமேல் வைத்தாள்.

"ஆமா ஐயா. நான்தான்."

அவ்வளவுதான். கசில்டா தேறினாள் என்றார்கள். நெல்வா தேறவில்லை என்றார்கள். அடுத்த ஆண்டு மறுபடி செய்து காட்டலாம் என்றார்கள். நெல்வாவுக்கு அடுத்த ஆண்டு என்று ஒன்று இல்லை என்பது அந்த அறையில் மூன்று பேருக்குத்தான் தெரியும். அவர்களில் ஒருத்தி தலை குனிந்து டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் தியோதோசியா அடுப்பு மூட்டிக்கொண்டே கேட்டாள். "மகளே, உன் மூட்டை எங்க? இன்னிக்கும் வானம் தெளிஞ்சிருக்கு, பரப்பணுமே."

"எந்த மூட்டை அம்மா?"

"உன் கிழங்கு மூட்டைதான். சுன்யோ போட்டு ஊருக்குக் கொண்டு போகத்தான வாங்கி வச்சே? கேக்க வெக்கப்பட்டுக்கிட்டு முற்றத்துல வச்சிருந்தே, நான் பாத்தேன். நேத்து எங்க கிழங்கோட சேத்து உன்னோடதையும் வைக்கோல் மேல பரப்பினேன். என்ன பனி தெரியுமா! வெயில் ஏறுமுன்ன பொறுக்கி மூட்டை கட்டி அங்கயே வச்சேன். இன்னும் ரெண்டு ராத்திரி போதும். உங்க அம்மாகிட்ட சொல்லு, தியோதோசியா மிதிச்ச சுன்யோன்னு."

கசில்டா பதில் சொல்ல வாய் திறந்தாள். அடுப்புக்கு அந்தப் பக்கம் விறகு அடுக்கிக்கொண்டிருந்த நெல்வா, வேண்டாம் என்று தலையை அசைத்தாள்.

"பள்ளிக்கூடத்துலயே விட்டுட்டேன் அம்மா" என்றாள் கசில்டா.

"அடி அசடு" என்று சிரித்தாள் தியோதோசியா. "பாடம் போனா போகட்டும்டி நெல்வா, மூஞ்சியைத் தூக்காத. நிலம் எங்கயும் ஓடாது." அவள் சொன்னது ஆறுதலுக்குத்தான். சொல்லிவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டு முகத்தைத் துடைத்ததைக் கசில்டா பார்த்தாள்.

எல்லாம் இப்போது விளங்கியது. கிழங்கு உறையும்போது செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் ஊசி ஊசியாக வளர்கிறது. அந்த ஊசிகள் இரட்டை வரிசைச் சவ்வைக் கிழித்துவிடுகின்றன. சந்தைப் பெண்கள் எழுந்து போய்விட்டார்கள். அதற்குப் பிறகு எந்தத் தண்ணீரில் போட்டாலும் ஒன்றுதான். உள்ளே இருந்தது ஒழுகும், விறைத்து நிற்க எதுவும் மிஞ்சாது. யோலா கேட்டாளே, சவ்வு எதுக்கு என்று. அதற்கான விடை அந்த மேசைமேல் துவண்டு கிடந்தது. கண்ணெதிரே வந்த விடையை அவள் பொய்யால் மூடிவிட்டாள்.

தண்ணீர் எடுக்கப் போகும்போது கசில்டா கேட்டாள். "வெட்டும்போதே தெரியுமா உனக்கு?"

"கத்தி பட்டதும் தெரிஞ்சுது. நறநறன்னு ஐஸ்."

"அப்ப ஏன்டி சொல்லல?"

"சொன்னேனே. நீதான் பேசாம வெட்டுன்ன."

"அதுக்கப்புறம். அவர் கேட்டப்ப."

நெல்வா வாளியைக் கீழே வைத்தாள். "அம்மா நின்னுட்டிருந்தாங்க. பனி பட்ட கிழங்குன்னு சொன்னா, யார் பரப்பினதுன்னு கேப்பாங்க. உனக்கு நல்லது செய்யணும்னு செஞ்சது, அது எல்லார் முன்னாடியும் தப்பாப் போகும். என் பொண்ணு படிப்பை நானே கெடுத்தேன்னு சாகிற வரைக்கும் சொல்லிட்டிருப்பாங்க. அவங்களுக்குத் தெரியவே கூடாது, கேட்டியா?"

"நான் சொன்ன பொய்?"

"அது உனக்குத் தெரியும்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் கசில்டா தாங்கியிருப்பாள். வாளியைத் தூக்கிக்கொண்டு, "வா, குளிருது உனக்கு" என்றாள் நெல்வா. அன்றும் அந்தக் கனமான போர்வை கசில்டாவின் கட்டில்மேல் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அவள் அதைத் தொடவில்லை.

காலையில் முதலில் கோவிலுக்குத்தான் போனாள். செய்த பாவத்தை வாய்விட்டுச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிடலாம் என்று நினைத்தாள். பாதிரியார் பொறுமையாகக் கேட்பார், ஜெபம் சொல்லச் சொல்வார், யாரிடமும் சொல்லமாட்டார். யாரிடமும் சொல்லமாட்டார் என்பதே அவளைத் தடுத்தது. கடவுளுக்கு ஏற்கனவே தெரிந்ததைக் கடவுளிடம் சொல்வது எளிது. லிமாச்சி ஐயாவுக்குத்தான் தெரியாது. அவர் பாதிரியார் வீட்டில்தான் தங்கியிருந்தார், மதியப் பேருந்துக்காகக் காத்துக்கொண்டு. கோவில் வாசலிலிருந்து அந்தக் கதவு பத்தடி தூரம். அவள் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான பத்தடியை நடந்ததில்லை.

அவர் ரொட்டியைக் காப்பியில் நனைத்துக்கொண்டிருந்தார். "உக்காரும்மா."

"நின்னே சொல்றேன் ஐயா. டம்ளர்ல தண்ணி ஊத்தினது நான். உப்பு போட்டதும் நான், ஒண்ணுலதான் போட்டேன். நெல்வா தொடவே இல்ல. நேத்து நான் சொன்னது பொய்."

அவர் ரொட்டியைக் கீழே வைத்தார். "அப்ப துண்டு ஏன் துவண்டுது?"

"பனி பட்ட கிழங்கு. சவ்வு கிழிஞ்சிருந்தது. மூட்டை என்னோடது, முற்றத்துல வச்சது நான். வெட்டும்போதே அவ சொல்ல வந்தா. நான் வாயை அடைச்சேன். அந்தச் சந்தை உவமைகூட அவளோடதுதான் ஐயா."

தியோதோசியாவின் பெயர் அவள் வாயில் வரவில்லை.

அவர் காப்பிக் கோப்பையை ஓரமாக நகர்த்தினார். "கிழங்கு உறைஞ்சதுக்கு நான் யாரையும் ஃபெயில் போடறதில்ல" என்றார். "இந்த ஊர்ல உறையாத பொருள் எது? பனி பட்டிருக்குன்னு புள்ளைங்ககிட்ட சொல்லி, ஏன்னு கேளுங்கன்னு விட்டிருந்தா, இருபது வருஷத்துல நான் பாத்த நல்ல பாடம் அதுதான்னு சொல்லியிருப்பேன்."

"தெரியும் ஐயா."

"நெல்வா வர்ற வெள்ளிக்கிழமை கல்லூரிக்கு வரட்டும். எங்க முன்னாடி மறுபடி செஞ்சு காட்டட்டும். உன்னை நான் தேறினதா வச்சுக்க முடியாது."

"அதைக் கேக்க வரல ஐயா."

"அடுத்த வருஷம் வேற ஊர்ல, வேற ஜோடியோட." அவர் எழுந்து கதவைத் திறந்துவிட்டார். அவள் வெளியே வந்ததும், "காப்பி குடிச்சுட்டுப் போயேன்" என்றார். அந்த ஒரு சொல்லுக்குத்தான் அவளுக்குக் கண் நிறைந்தது. திட்டியிருந்தால் அழுதிருக்க மாட்டாள்.

விஷயம் தெரிந்ததும் நெல்வா முதலில் கத்தினாள். "உனக்குப் பைத்தியமா? ரெண்டு பேரும் விழுந்தா யாருக்கு லாபம்?"

"நீ விழல. வெள்ளிக்கிழமை போ."

"அம்மாகிட்ட என்ன சொல்றது?"

"மறுபடி கூப்பிட்டாங்கன்னு சொல்லு. அவ்வளவுதான உண்மை."

நெல்வா அவள் தலையில் ஒரு குட்டு வைத்தாள். பிறகு பையில் இரண்டு விதக் கிழங்கையும் எடுத்து வைத்தாள்: பனி படாதது நான்கு, பனி பட்டது நான்கு. "இந்தத் தடவை ரெண்டையும் காட்டப்போறேன். உயிருள்ள சவ்வு, கிழிஞ்ச சவ்வு. கேக்கட்டும் அவங்க."

தியோதோசியாவும் கூடப் போனாள்; பெண்ணைத் தனியாக அனுப்ப மனம் வரவில்லை. போகும்போது ஏரிக்கரைப் புல்வெளியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அங்கே அவர்களுடைய ஒரு வருடச் சாப்பாடு பரப்பிக் கிடந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நெல்வாவின் அழைப்பு வந்தது. பின்னால் பேருந்து நிலையத்து இரைச்சல்.

"தேறிட்டேன்டி! லிமாச்சி ஐயா கிழிஞ்ச கிழங்கைக் கையிலயே வச்சுக்கிட்டு விடமாட்டேன்னுட்டார்."

"அம்மா?"

"அழறாங்க, சிரிக்கறாங்க. நாளைக்கு ராத்திரிதான் பேருந்து. இப்ப கிழங்கு நினைப்பு வந்துடுச்சு. நாளைக்கு வெயில்ல மிதிச்சாகணும், இல்லன்னா கறுத்து அழுகிடும்னு புலம்பறாங்க. சித்தப்பாவுக்குப் போன் போட்டா, எடுக்கவே இல்ல. பேதுரு திருவிழா ஆச்சே, எங்க ஆடிட்டு இருக்காரோ. போகட்டும் விடு. நீ எப்ப கிளம்பற?"

"நாளைக்கு மதியப் பேருந்து."

"சாவியைப் பானைக்கு அடியில வச்சுட்டுப் போ."

மறுநாள் சனிக்கிழமை. திருவிழாவுக்காக ஊர் முழுக்கப் புனித பேதுருவின் சிலையோடு படகுத்துறையில் நின்றது. மேளமும் எக்காளமும் அங்கேதான். கசில்டா தன் பெட்டியைக் கட்டிவிட்டுப் புல்வெளிக்குப் போனாள். வெயில் ஏறி, கிழங்குகள் மேலே இளகி உள்ளே இன்னும் பனியோடு கிடந்தன. அவற்றைச் சிறு சிறு குவியலாகச் சேர்த்தாள். செருப்பைக் கழற்றினாள். பாவாடையை முழங்காலுக்கு மேல் சொருகிக்கொண்டு முதல் குவியலில் ஏறினாள்.

குளிர் பாதத்தில் ஊசியாக ஏறியது. எப்படி மிதிக்க வேண்டும் என்று அவளுக்குச் சரியாகத் தெரியாது. தூரத்து வயல்களில் பெண்கள் ஆடுவதுபோலக் குதிகாலைத் திருப்பித் திருப்பி மிதித்ததை இத்தனை நாள் பார்த்ததுதான். அப்படியே செய்தாள். முதலில் வழுக்கி விழுந்தாள். மறுபடி ஏறினாள். மெல்ல மெல்லக் காலடியில் தண்ணீர் பொங்கி வந்தது. தடுக்க ஒரு சவ்வும் மிஞ்சாததால் தாராளமாக வந்தது. தோல் வழன்று விரல்களுக்கு இடையில் சுருண்டது. ஒரு குவியல் முடிந்ததும் அடுத்தது. துறையில் எக்காள ஓசை உயரும்போதெல்லாம் அவளும் அதற்கு ஏற்ப மிதித்தாள். கால் மரத்துப் போனதும் நல்லதாகப் போயிற்று.

ஜெபம் எதுவும் சொல்லவில்லை. அந்த நேரம் அவளுக்கு வேறு ஜெபம் தேவைப்படவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

கடைசிக் குவியலும் முடிந்ததும் கிழங்குகளை ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பினாள். மேலே கறுக்காமல் இருக்க வைக்கோலை மெல்லியதாகத் தூவினாள். தன் காலடித் தடங்கள் ஈரத்தில் தெரிவதைப் பார்த்து அவற்றையும் வைக்கோலால் மூடினாள். சித்தப்பாதான் திருவிழாவுக்கு நடுவே வந்து மிதித்துவிட்டுப் போயிருப்பார் என்று தியோதோசியா நினைப்பாள். அவருக்கு ஒரு நல்ல பெயர் கிடைத்துவிட்டுப் போகட்டும்.

சிவந்த பாதங்களைப் பாவாடையில் துடைத்து, செருப்பை மாட்டிக்கொண்டு, சாவியைப் பானைக்கு அடியில் வைத்தாள். மதியப் பேருந்தில் யுங்காஸ் பக்கம் போகிற ஒரே ஆள் அவள்தான். மற்றவர்கள் எல்லோரும் துறையில் இருந்தார்கள்.